சப்பை மூக்கனின் பன்னிரண்டு வால்வுகள்

எங்கள் ஊரில் அந்த லொறியின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'சப்பை மூக்கன்' என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். முன்னால் நீண்ட பொனட் இல்லை. எஞ்சினின் பாதி, சாரதி ஆசனத்துக்கும் பக்கத்து ஆசனத்துக்கும் நடுவில் ஓர் இரும்பு மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். மற்ற வாகனங்களில் முன் கண்ணாடி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதில் கண்ணாடியின் மேல் விளிம்பு முன்னோக்கித் துருத்தி நிற்கும். கோபத்தில் புருவத்தை நெரித்துக் கொண்டு நிற்கும் மனிதனின் முகம் மாதிரி. வெயிலின் பளபளப்பு மேலே பறக்கும் எதிரி விமானத்தின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார்களாம்.

இது கனடாவில் பிறந்த லொறி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய சாம்ராச்சியத்தின் படைகளுக்கென்று கனடாவில் ஒரே வரைபடத்தின்படி நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ லொறிகளைக் கட்டினார்கள். வியாபாரத்தில் போட்டியாளர்களான ஃபோர்டும் ஜெனரல் மோட்டோர்ஸும் சேர்ந்து செய்த வேலை அது. ஃபோர்ட் வின்ட்சர் நகரிலும் ஜெனரல் மோட்டோர்ஸ் ஒஷாவா நகரிலும் கட்டின. சாரதி அறை இரண்டுக்கும் ஒன்றுதான். எஞ்சின் மட்டும் வேறு. ஃபோர்டுக்கு எட்டு சிலிண்டர். ஜெனரல் மோட்டோர்ஸ் தனது ஷெவர்லே லொறியில் ஓடிக்கொண்டிருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினை அப்படியே வைத்தது. பாகம் பாகமாகப் பெட்டிகளில் அடைத்து அனுப்பி, போய்ச் சேர்ந்த நாட்டில் பூட்டிக்கொண்ட லொறிகளும் அவற்றில் ஏராளம். பூட்டுவதும் கழற்றுவதும் இதன் தலையில் ஆரம்பத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் 5 ஆம் திகதி கொழும்பிலும் 9 ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு வீசின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைக்கு வந்தது. யுத்தம் முடிந்து படைகள் போன பிறகு, சுதந்திரம் கிடைத்த 1948 இல், எங்கள் மூத்தாப்பா இந்த லொறியை விலைக்கு வாங்கினாராம். பச்சையின் மேல் நீலம் பூசி, பின்னால் பலகைப் பெட்டி அடித்து, முதலில் மரம் ஏற்றினார். அடுத்த வருடம் கல்லோயாத் திட்டம் ஆரம்பமாயிற்று. காடு வயலானபின் நெல் மூட்டைக்குக் குறைவிருக்கவில்லை. வாப்பா பதினாறு வயதில் கிளீனராக ஏறி, பிறகு சாரதியானார். நான் அந்த எஞ்சின் மூடியின் மேல் மடித்துப் போட்ட சாக்கில் உட்கார்ந்து கல்முனைக்குப் போயிருக்கிறேன். சூடு சாக்கையும் தாண்டி வரும்.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி மூண்டதும் பாதைகள் மூடின. வாப்பா லொறியை வளவுக்குள் கொண்டுவந்து புளிய மரத்தடியில் நிறுத்தினார். அதன் பிறகு அது வெளியே போகவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து, சில்லின் பாதி உயரத்தில் நின்று, திரும்பிப் போயிற்று. வாப்பா 2016 இல் மௌத்தானார். லொறி பங்கு பிரிக்கப்படாமல் நின்றது.

பங்குப் பிரச்சினையைக் கிளப்பியது 2022 ஆம் ஆண்டின் நெருக்கடி. எல்லாப் பொருளுக்கும் விலை ஏறியபோது பழைய இரும்புக்கும் ஏறியது. இரும்பு வாங்குகிறவர்கள் தெருத் தெருவாக வந்தார்கள். ஒருவர் சப்பை மூக்கனைச் சுற்றிவந்து, காலால் சில்லைத் தட்டி, "மூணு தொன்னாவது தேறும்" என்றார். பெரிய சாச்சாவுக்கு அந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய வீட்டில் இரண்டு குமர்கள்.

"மெஷின் எண்டா ஓடணும் மகன். ஓடாட்டி அது இரும்புதானே. இரும்ப இரும்பு வெலைக்கு விக்கிறதுல என்ன பிழ?" என்றார்.

"ஓடினா?"

"ஓடினா விக்கிற கதை இல்ல. ஆனா, வருசம் முடியுமட்டும்தான் தவண."

இந்தப் பேச்சு நடந்தது 2023 நடுப்பகுதியில். பாடசாலை இல்லாத சனி, ஞாயிறுகள்தான் எனக்கு மிச்சம்.

எங்கள் ஊரில் இந்த எஞ்சினைத் திறந்து மூடத் தெரிந்த ஒரே ஆள் எஞ்சின் காக்காதான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இடது காது கேட்காது. வலது காதும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. அவருடைய கைக்குத் துணையாக என்னிடம் படித்த ஒரு பொடியன் வந்தான். சாதாரண தரம் முடித்துவிட்டுக் கட்டார் விசாவுக்குக் காத்திருந்தவன். நான் கணக்குப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். எழுதி வைப்பது என் வேலை என்று காக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நான் எங்கேயும் எழுதி வெக்கல்ல மாஸ்டர். எல்லாம் காதுலயும் கையிலயும்தான் இரிக்கி. காது போய்ட்டு. கை மட்டும் மிச்சம்."

வாசகர்களில் பலர் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். கொஞ்சம் பொறுமையோடு கேட்டால், இது விளங்காத விடயமல்ல.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வாசல்கள். ஒன்றால் பெற்றோலும் காற்றும் உள்ளே வரும். மற்றதால் எரிந்த புகை வெளியே போகும். இரண்டு வாசலுக்கும் காளான் வடிவத்தில் ஒவ்வொரு கதவு. அதுதான் வால்வு. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு வால்வுகள். எஞ்சினின் அடியில் ஓடும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டில் முட்டை வடிவத்தில் பன்னிரண்டு மேடுகள் இருக்கின்றன. மேடு சுழன்று வரும்போது அதன் மேல் நிற்கும் டெப்பட் உயரும். டெப்பட் தன் மேல் நிற்கும் நீண்ட கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பியின் பெயர் புஷ் ரொட். அது மேலே உள்ள ரொக்கரின் ஒரு முனையைத் தூக்கும். ரொக்கர், பிள்ளைகள் ஏறி விளையாடும் ஏற்றப் பலகை மாதிரி. ஒரு முனை உயர்ந்தால் மறு முனை தாழும். தாழும் முனை வால்வின் தண்டை அழுத்த, கதவு திறக்கும். மேடு கடந்து போனதும் ஸ்பிரிங் கதவை இழுத்து மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, ஆயிரம் சுற்றுச் சுற்றும். அப்படியானால் ஒவ்வொரு கதவும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை திறந்து மூடுகிறது. பன்னிரண்டில் ஒன்று சரியாக மூடாவிட்டால் அந்த சிலிண்டர் செத்துவிடும்.

பிளக் துளைகள் வழியாக மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றி இரண்டு வாரம் ஊற வைத்த பிறகு, கிராங்க் கைப்பிடியில் இருவர் தொங்க, எஞ்சின் அசைந்தது. முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அசைந்தது. ஆனால் பன்னிரண்டு வால்வுகளில் நான்கு, திறந்தது திறந்தபடி நின்றன. ஆகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியிருந்தது.

கழற்றுவதற்கு முன் காக்கா ஒரு பிஸ்கட் பெட்டி அட்டை கேட்டார். அதில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பன்னிரண்டு துளை போட்டு, இடது ஓரத்தில் 'முன்' என்று எழுதச் சொன்னார். கழற்றிய ஒவ்வொரு புஷ் ரொட்டையும் அதனதன் துளையில் குத்தி நிறுத்தினார். வால்வுகளுக்கு இன்னோர் அட்டை. ரொக்கர்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு கம்பியில் கோத்தார். டெப்பட்டுகள் முட்டை வாங்கும் தட்டின் குழிகளில் வரிசையாக உட்கார்ந்தன.

பொடியன் கேட்டான்: "எல்லாம் ஒரே அளவுதானே காக்கா, மாறினா என்ன?"

காக்கா இரண்டு டெப்பட்டுகளை எடுத்து அவற்றின் அடிப்பக்கத்தை வெயிலில் திருப்பிக் காட்டினார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் அடியில் வட்டம் வட்டமாகக் கண்ணாடிப் பளபளப்பு. மற்றதில் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது.

"நாப்பத்திரெண்டு வருசம் இது அந்த மேட்டோட தேஞ்சிரிக்கி. அந்த மேடும் இதோட தேஞ்சிரிக்கி. ரெண்டும் ஒண்டுக்கொண்டு பழகிட்டு. இத வேற மேட்டுல வெச்சா, ரெண்டும் புதுசா அரைக்கத் தொடங்கும். ஆறு மாசம் தாங்காது."

நான் அதைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன். புதிய எஞ்சினைப் பூட்டுவதற்கும் ஓடிய எஞ்சினைத் திரும்பப் பூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

வெளிவந்த வால்வுகளில் உள்ளெடுக்கும் ஆறும் அகன்ற தலையுடையவை; துருவைச் சுரண்டியதும் பிழைத்துக்கொண்டன. புகை வெளியேற்றும் ஆறும் கொஞ்சம் சிறியவை. அவற்றில் எட்டாவதும் ஒன்பதாவதும் எரிந்துபோயிருந்தன. தோசையின் ஓரத்தை எலி கடித்தது மாதிரி விளிம்பில் ஒரு பள்ளம். முன்னாலிருந்து எண்ணினால் எட்டாவது நான்காம் சிலிண்டருடையது; ஒன்பதாவது ஐந்தாம் சிலிண்டருடையது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே புகை வழியைப் பங்கு போடுகின்றன.

அந்த இரண்டு வால்வுக்காக நான் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். பஞ்சிகாவத்தையில் கடை கடையாகக் கேட்டேன். இந்த எஞ்சின் 1937 இலிருந்து 1953 வரை ஷெவர்லே கார்களிலும் லொறிகளிலும் போடப்பட்டது. அதனால் இராணுவ லொறி என்று சொன்னால் கைவிரித்தவர்கள், "பழைய ஷெவர்லே ஆறு சிலிண்டர், 216" என்று சொன்னதும் யோசித்தார்கள். நாலாவது கடையில் ஒரு முதியவர் ஏணி வைத்து ஏறி, தூசு படிந்த மெழுகுத் தாளில் சுற்றியிருந்த இரண்டை இறக்கித் தந்தார்.

புதிய வால்வுக்கு இருக்கையோடு பழக்கமில்லை. பழக வைக்க வேண்டும். விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, இருக்கையில் உட்கார்த்தி, உறிஞ்சி ஒட்டும் ரப்பர் முனையுள்ள தடியை உள்ளங்கைகளுக்கிடையில் வைத்துத் தயிர் கடைவது போல் உருட்ட வேண்டும். இடைக்கிடை தூக்கி, கொஞ்சம் திருப்பி, மறுபடி உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். பேஸ்ட் தேயத் தேயச் சத்தம் மெலிந்து வழுவழுப்பாகும். துடைத்துப் பார்த்தால் வால்வைச் சுற்றிலும் இருக்கையைச் சுற்றிலும் முறியாத சாம்பல் நிற வளையம் ஒன்று தெரிய வேண்டும். வளையம் ஓரிடத்தில் முறிந்தாலும் அங்கே நெருப்புக் கசியும். எரிந்த வால்வுகள் இரண்டும் அப்படிக் கசிந்துதான் எரிந்தவை. வெளியேற்று வால்வுக்குத் தன் சூட்டைக் கொட்ட இருக்கும் பெரிய வழி, மூடி உட்காரும் அந்தக் கண நேரத்துத் தொடுகைதான். சரியாக உட்காராவிட்டால் சூட்டை எங்கே கொட்டும்?

பன்னிரண்டையும் அரைக்க இரண்டு வாரம் எடுத்தது. ஸ்பிரிங்குகளைப் பூட்டிய பின், ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளுக்கு மேலே மண்ணெண்ணெய் ஊற்றினோம். ஒரு தேநீர் குடித்து வரும் வரை ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை. காக்கா ஒவ்வொரு வழிக்குள்ளும் விரலை விட்டுத் தடவி, விரலை மோந்து பார்த்து, தலையை ஆட்டினார்.

ஸ்பிரிங் பூட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கருவியால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வால்வுத் தண்டின் கழுத்தில் உள்ள காடியில் அரைப்பிறை வடிவிலான இரண்டு சின்ன லொக்குகளை வைக்க வேண்டும். பிறகு மெதுவாக விட்டால் ஸ்பிரிங்கின் கிண்ணம் எழும்பி அவற்றை இறுக்கிக்கொள்ளும். ஒவ்வொன்றும் மாதுளம் விதையை விடக் கொஞ்சம் பெரியது. முழு ஸ்பிரிங்கையும் தாங்குவது அவைதான். கிறீஸ் தடவினால் அவை காடியில் ஒட்டி நிற்கும் என்பது காக்காவின் வழி. ஆறாவது வால்வில் கருவி வழுக்கி, ஒரு லொக் தெறித்துப் பறந்தது. புளியஞ் சருகுக்குள் மூன்று பேரும் முழந்தாளிட்டுத் தேடினோம். பழைய ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றை நூலில் கட்டி இழுத்து, மஃரிபுக்குச் சற்று முன் பொடியன் கண்டுபிடித்தான்.

இரும்பு ஹெட்டை மூன்று பேர் தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. பொனட் இல்லாத வண்டி ஆதலால் சாரதி அறைக்குள் குனிந்து நின்றுதான் எல்லா வேலையும். புதிய கெஸ்கட்டை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் வெளியே போகும்படி, ஒரே தடவையில் இறுக்காமல் மூன்று சுற்றில் இறுக்கினோம். ஓரத்திலிருந்து இறுக்கினால் நடுவில் மேடு விழும்.

புஷ் ரொட்டுகளைத் திரும்பப் போடுவதற்கு முன், காக்கா ஒவ்வொன்றையும் ஜன்னல் கண்ணாடித் துண்டில் உருட்டினார். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தத்தித் தத்தி ஓடும். நான்காவது தத்தியது. அதைப் பட்டறையில் நிமிர்த்தினோம். ஒவ்வொரு கம்பியும் அடியில் டெப்பட்டின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்ததா என்பதை விரலால் சுழற்றிப் பார்த்தபின்தான் அடுத்த கம்பி.

கடைசியாக ரொக்கர்கள். பன்னிரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. சங்கில் வலம்புரி, இடம்புரி என்பது மாதிரி ஆறு இப்பக்கம் வளைந்தவை, ஆறு அப்பக்கம் வளைந்தவை. அவை கோக்கப்படும் தண்டு உள்ளே பொள்ளலானது. தண்டு இரண்டு துண்டு. நடுவில் ஓர் இணைப்பு. கீழேயிருந்து ஒரு மெல்லிய குழாய் அந்த இணைப்புக்கு எண்ணெய் கொண்டுவரும். இந்தப் பழைய எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் மிகக் குறைவு. பிஸ்டன் கம்பிகளின் அடியில் கரண்டி மாதிரி ஒரு வளைவு உண்டு. அது எண்ணெயை அள்ளி இறைத்துத் தன்னை நனைத்துக்கொள்ளும். ஆனால் மேலே நிற்கும் ரொக்கர்களுக்கு அந்த மெல்லிய குழாய்தான் கதி.

காக்கா குழாயில் வாயை வைத்து ஊதினார். காற்றுப் போகவில்லை.

அவர் முகம் மாறியதை நான் கண்டேன். "வால்வு எரிஞ்சது ஏனெண்டு இப்ப வெளங்குதா மாஸ்டர்?" என்று கேட்டார். எண்ணெய் வராவிட்டால் ரொக்கர் காய்ந்து இறுகும். வால்வுத் தண்டு தன் குழலில் ஒட்டும். முழுதாக மூடாது. மூடாத கதவுதான் எரியும். நாங்கள் வால்வைப் புதிதாகப் போட்டுவிட்டு இந்தக் குழாயை அப்படியே பூட்டியிருந்தால், ஒரு மணி நேரம் அழகாக ஓடிக் காட்டிவிட்டுப் பழைய இடத்திலேயே போய் நின்றிருக்கும். கிதார் கம்பி ஒன்றை வாங்கி வந்து, பெற்றோல் விட்டுக் குத்திக் குத்தி, தார் மாதிரி கறுப்பு அடைப்பை வெளியே எடுத்தோம்.

இனி இடைவெளி வைக்கும் வேலை. என் கணக்குப் புத்தகத்தில் அதிகப் பக்கங்களைப் பிடித்தது அதுதான்.

ரொக்கரின் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில், வால்வு மூடியிருக்கும்போது ஒரு சின்ன வெளி இருக்க வேண்டும். இரும்பு சூட்டில் நீளும். வெளி இல்லாவிட்டால், நீண்ட தண்டு ரொக்கரில் முட்டி, வால்வு இருக்கையிலிருந்து எழும்பி நிற்கும். இந்த எஞ்சினுக்குச் சூடான நிலையில் உள்ளெடு வால்வுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறிலிருந்து எட்டு; வெளியேற்று வால்வுக்குப் பதின்மூன்றிலிருந்து பதினைந்து. நெருப்பு போகும் வாசலுக்குக் கூடுதல் வெளி தேவை. மெல்லிய உருக்குத் தகடுகளை விசிறி போல் கோத்த ஃபீலர் கேஜில் அந்த அளவுத் தகட்டைத் தேர்ந்து நடுவில் நுழைத்து, திருகாணியைத் திருகி, தகடு இலேசாகப் பிடித்து இழுபடும் நிலையில் நட்டை இறுக்க வேண்டும்.

எந்த வால்வு எந்த நேரத்தில் மூடியிருக்கும் என்று தெரிந்தால்தானே இதைச் செய்யலாம்? இங்கேதான் ஆசிரியனாகிய எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இந்த எஞ்சின் தீப்பற்றும் ஒழுங்கு 1-5-3-6-2-4. பொடியனிடம் முதல் மூன்றை மேலேயும் அடுத்த மூன்றை அவற்றுக்கு நேர் கீழேயும் எழுதச் சொன்னேன்.

எழுதினான். ஒன்றுக்குக் கீழே ஆறு. ஐந்துக்குக் கீழே இரண்டு. மூன்றுக்குக் கீழே நான்கு. சற்று நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் ஏழு வருது சேர்!" என்றான்.

அதுதான் சூத்திரம். ஒன்றாவது சிலிண்டர் தீப்பற்றும் உச்சியில் நிற்கும்போது ஆறாவதின் இரண்டு வால்வுகளும் ஆடிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் ஒன்றாவதின் இரண்டும், இரண்டாவதிலும் நான்காவதிலும் உள்ளெடு வால்வும், மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் வெளியேற்று வால்வும் மூடியிருக்கும். ஆறு முடிந்தது. கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி ஆறாவதை உச்சிக்குக் கொண்டுவந்தால் மிகுதி ஆறும். பன்னிரண்டு முறை எஞ்சினைத் திருப்பத் தேவையில்லை. இரண்டு நிலை போதும். காக்கா இதை ஐம்பது வருடமாகக் கையால் செய்து வருகிறவர். எழுதியதைப் பார்த்து, "ஏழு வாறது எனக்குத் தெரியாம இரிந்திச்சு" என்று சிரித்தார்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"டெப்பட் சத்தம் கேட்டா ஆக்கள் பயந்து ஓடி வருவாங்க. சத்தம் போடுற வால்வு நல்ல வால்வு மாஸ்டர். வெளி கொஞ்சம் கூடிட்டெண்டு அது செல்லுது. சத்தமே போடாததுக்குத்தான் பயப்படணும். அதுக்கு வெளி இல்லாமப் போய்ட்டு. அது எரியிது, ஆனா செல்லாது."

இதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்த எஞ்சினை வடித்த காலத்தில் பெற்றோலில் ஈயம் கலந்தார்கள். அது வால்வின் இருக்கையில் மெல்லிய படையாகப் படிந்து இரும்பைக் காத்தது. இலங்கையில் 2002 இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. காற்றுக்கும் பிள்ளைகளின் மூளைக்கும் அது பெரிய நன்மை. ஆனால் உருக்கு வளையம் பதிக்காத பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் பாரம் இழுத்து ஓடும்போது தேயத் தொடங்கும். இருக்கை தேய்ந்தால் வால்வு உள்ளே இறங்கும். தண்டு மேலே எழும். இடைவெளி சத்தமில்லாமல் குறைந்துகொண்டு போகும். எஞ்சின் முன்னரை விட அமைதியாக ஓடுவது மாதிரித் தோன்றும்.

இருபது வருடத்துக்கும் மேலாக வகுப்பறையில் நிற்கிறவன் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? இரைச்சல் போடும் பிள்ளைகளைப் பற்றித்தான் ஆசிரியர் அறையில் பேச்சு நடக்கும். கடைசி வாங்கில் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரு திங்கட்கிழமை வராமல் விடும். செவ்வாயும் வராது. அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். விசாரித்துப் போனால் வீட்டில் எத்தனையோ மாதமாக நெருக்கிக்கொண்டிருந்த விடயம் தெரிய வரும்.

எஞ்சினை இயக்கும் நாளுக்குப் பெற்றோல் வேண்டும். அப்போது கியூஆர் முறை இன்னும் நீங்கவில்லை. 1990 க்குப் பிறகு வரிப்பத்திரம் எடுக்காத வண்டிக்கு யார் கியூஆர் தருவது? என் மோட்டார் சைக்கிளின் பங்கிலும் பொடியனின் மாமாவின் பங்கிலும் உறிஞ்சி எடுத்துப் போத்தலில் சேர்த்தோம்.

ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிறு. பெரிய சாச்சா வந்தார். சின்னச் சாச்சா, மாமிமார், அவர்களின் பிள்ளைகள், அயலவர்கள் என்று வளவு நிறைந்துவிட்டது. இரும்புக்காரரும் வேலிக்கு அப்பால் நின்றார். ரொக்கர் மூடியைப் பூட்டாமல் திறந்தே வைக்கச் சொன்னார் காக்கா. இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. வளவு முழுக்க நீலப் புகை. சிலிண்டருக்குள் ஊற்றிய எண்ணெய் எரிகிற புகை அது. பிள்ளைகள் கைதட்டினார்கள். காக்கா எஞ்சினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டு ரொக்கரையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. நடு இணைப்பின் பக்கத்து ரொக்கரில் முதலில் ஒரு மினுக்கம். பிறகு இரு பக்கமும் ஒவ்வொன்றாக, கடைசி ரொக்கரின் முதுகிலும் எண்ணெய் வழிந்தது. அதன் பிறகுதான் காக்கா நிமிர்ந்தார்.

எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் அளவு பார்த்தார்கள். பழைய ஷெவர்லேக்கு அதுதான் முறை. தாவிக்கொண்டிருக்கும் ரொக்கருக்கு அடியில் தகட்டை நுழைத்துத் திருகாணியைத் திருகுவது பார்க்கிறவனுக்கு நெஞ்சிடிக்கும் வேலை. ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியை வலது காதில் வைத்துக் கேட்டார் காக்கா. பிறகு அதைப் பொடியனிடம் கொடுத்தார்.

"எனக்குச் சரியாக் கேக்குதில்ல மகன். எத்தினாவது?"

பொடியன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டான். "எட்டு, காக்கா. எட்டுல மட்டும் சத்தம் கொறவு."

புதிய வால்வு, புதிய இருக்கை. சூட்டில் உட்கார்ந்து இடைவெளி குறைந்திருந்தது. தகட்டை நுழைத்தார்கள், பதின்மூன்று போகவில்லை, பதினொன்று இறுக்கமாகப் போயிற்று. திருத்தினார்கள். காக்கா பொடியனின் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

பெரிய சாச்சா சொன்ன சொல்லை மீறவில்லை. இரும்புக்காரரைப் பார்த்துக் கையை அசைத்துப் போகச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கேட்டார்: "ஓடுது, சரி. இனி இத ஆர் பாக்கிற?"

நியாயமான கேள்வி. நான் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திருத்தி எழுதி, தெருக் கடையில் மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று லொறியின் ஆசனப் பெட்டிக்குள். ஒன்று பாடசாலை நூலகத்தில். ஒன்றைப் பொடியன் எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு ஒக்டோபரில் விசா வந்தது.

மாதத்துக்கு இரு முறை வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சப்பை மூக்கனை இயக்கி அரை மணி நேரம் ஓடவிடுகிறோம். சில நாட்களில் வயல் பாதை வரை போய்த் திரும்புகிறோம். காக்கா முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, ரொக்கர் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அவருக்கு இப்போது அதிர்வுதான் தெரியும். நான் என் தொலைபேசியை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு நிமிடச் சத்தத்தைப் பதிந்து தோஹாவுக்கு அனுப்புவேன். அவன் வேலை முடிந்து அறைக்கு வந்தபின், ஆறேழு பேர் படுக்கும் அறையில், காதுக்குள் வைத்துக் கேட்டுப் பதில் அனுப்புவான். போன முறை வந்த பதிலைக் காக்காவுக்கு எழுதித்தான் காட்டினேன்.

"பன்னெண்டும் கேக்குது சேர். எட்டு கொஞ்சம் கூடச் சத்தம். அப்பிடியே விடச் செல்லுங்க."